பூசாத வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்

இந்த ஊரில் சுவரைப் பூசாமலே குடியேறிவிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான். செங்கல் அடுக்கினது அடுக்கினபடி வெளியே தெரிகிறது. மேலே ஒரு கை சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. அதற்குத்தான் விலை அதிகம் என்று வேறு சொல்கிறார்கள். காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைத்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் வீட்டைப் பார்த்தால், குடிவந்து வெகு நாள் வரைக்கும், கொத்தனார் எப்போது வருவார் என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம்தான் இது முடிந்துபோன வீடு, இதற்கு யாரும் வரப்போவதில்லை என்று ஞாபகம் வரும்.

இந்த மாதிரி வீட்டுக்கு ரான்ச் ஹவுஸ் என்று பெயர். மாடி கிடையாது. ரயில் பெட்டி நிறுத்தினாற்போல் நீளமாக, தாழ்வாக இருக்கும். ரான்ச் என்றால் பண்ணையாம். "பண்ணைன்றான், ஒரு மாடு கூட காணோமே" என்று என் வீட்டுக்காரர் சேவியர் சாவி வாங்கின அன்றைக்கே கிண்டல் பண்ணினார். வீட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டோம். ராயபுரத்திலிருந்து என் சித்தி உடனே குரல் செய்தி அனுப்பினாள். "இன்னாடி ஸ்டெல்லா, அமெரிக்கால வூடு வாங்கினேன்னு சொல்லிட்டு பூசாத வூட்டக் காட்ற? துட்டு பத்தலன்னா வாயத் தொறந்து சொல்லு, சித்தப்பாகிட்ட கேக்கலாம்." நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குள் இரண்டாவது செய்தி வந்தது. இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தாள். "உங்கம்மா மாரியே நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணூரில் என் அம்மாவின் வீடும் பூசாத வீடுதான். அப்பா துறைமுகத்தில் கலாசியாக இருந்தவர். ராயபுரத்தில் வாடகை வீட்டில் ஒரே அறையில் எங்களை வளர்த்து, வேலையை விட்டு வந்த காசில் எண்ணூரில் கொஞ்சம் மனை வாங்கினார். கட்டியது என் அண்ணன் அருள். காசிமேட்டில் லாஞ்சி என்கிற விசைப்படகில் கடலுக்குப் போகிறவன் அவன். கரையில் இருக்கிற நாட்களில் கொத்தனாருக்குக் கையாளாக நின்று, பிறகு கொத்தனாரையே நகரச் சொல்லிவிட்டு, அவனே கரண்டி பிடித்துச் சேம்பர் செங்கல் வைத்தான். வாசல் பக்கத்துச் சுவர் முழுக்க அவன் வைத்தது. ஒரு வரிசை மேலே ஏறும், அடுத்தது இறங்கும். "இன்னாடா, அலை மாரி போவுது?" என்று அப்பா கேட்டால், "பூசிட்டா யாருக்குத் தெரியப்போவுது நைனா" என்பான். கை வைத்துத் தட்டிப் பார்ப்பான், தோளைத் தட்டுகிற மாதிரி. சுவர் எழும்பியது, கூரை போட்டோம், காசு தீர்ந்தது. "கிறிஸ்மஸுக்குள்ள நான் பூசிட்றம்மா, அதுவரிக்கும் சாம்பல் அடிச்சிக்கினு கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் பக்கத்தில் துவைத்த துணி முதல் ஆறிய சோறு வரை எல்லாவற்றின் மேலும் விழும். சுவருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு.

அந்த லாஞ்சி திரும்பவில்லை. அதில் போன மற்றவர்களைக் கடல் ஒவ்வொருவராகக் கரையில் கொண்டுவந்து போட்டது. அருளை மட்டும் தரவில்லை. எல்லோரும் தேடினார்கள், ஆந்திரா பக்கமெல்லாம் சொல்லி வைத்தார்கள். அம்மா அழவே இல்லை. சாமியார் வந்து ஆறுதல் சொன்னபோது, "ஒடம்பு எங்க கீது? காட்டுங்க, அப்பால நான் அழுவறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும்போது அவள் மட்டும் வீட்டை விட்டு நகர மாட்டாள். அவன் பெயரில் கோயிலில் பூசை கொடுத்தாலும் நல்ல சுகத்துக்காக என்றுதான் கொடுப்பாள், ஆத்துமசாந்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டைப் பூசவும் விடவில்லை. முதல் வருடம் துக்க வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூடாது என்று ஊரே சும்மா இருந்தது. அதற்குப் பிறகும் அவள் விடாதபோதுதான் விஷயம் புரிந்தது. "தெருவுல எல்லாம் மாடி மேல மாடி கட்டிக்கினு கீறாங்க. இந்த ஒரு வூடுதான் அவன் வுட்டுட்டுப் போன மாரியே கீது. இத்தையும் மாத்திட்டா, புள்ள வந்து பாத்து, வேற யார் வூடோன்னு தாண்டிப் பூட்டான்னா?"

அப்பா போய்ச் சேர்ந்தார். நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். உப்புக் காற்றுக்குப் பூசாத செங்கல் தாங்குமா? கடல் பக்கத்துச் சுவர் பொரிந்து பொரிந்து உதிர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் உள்பக்கம் ஈரம் இறங்கி அம்மாவின் கட்டில் வரை வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இதே சண்டைதான். "அண்ணன் வர மாட்டாம்மா. கடல்ல போனவன் எங்கருந்து வருவான்? சுவர் இடிஞ்சி உன் மேல வுழப்போவுது." அவளோ, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். படித்த பெண், நாலு நாடு பார்த்தவள், நான் சொல்வதைக் கேட்கக்கூடாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

வால்டர் வந்தது ஒரு பிற்பகலில். வீட்டிலிருந்தபடியே எனக்கு வேலை. சேவியர் ஆபீஸ் போயிருந்தார். முன்கதவில் யாரோ சாவி போட்டுத் திருப்புகிற சத்தம் கேட்டது. மணியடிக்கவில்லை, தட்டவில்லை, நேராகச் சாவி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உயரமான, கூன் விழுந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஒரு கையால் சாவியைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையை விரித்துச் செங்கல் சுவரின் மேல் வைத்திருந்தார். தட்டினார். அருள் தட்டுகிற அதே மாதிரி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், யார் வந்திருப்பது என்று நான் நினைத்தேன் என்பதைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

கதவைத் திறந்தேன். "நீ புதிதா?" என்று கேட்டார். வீட்டு வேலைக்கு வந்தவள் என்று எண்ணிக்கொண்டார் போல. "ரூத் எங்கே?" ரூத் யார் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றேன். "கடைக்குப் போயிருப்பாள்" என்று அவரே சொல்லிக்கொண்டு, உள்ளே வந்து, எங்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். என்ன பண்ணுவது? வீட்டுக்கு வந்தவரை வெளியே தள்ளவா முடியும்? டீ போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப்போட்ட டீயை முகம் சுளித்துக்கொண்டே முழுக்கக் குடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். இவர் பெயர் வால்டர், எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் காலமெல்லாம் வாழ்ந்தவர், ரூத் என்பது இவருடைய மனைவி, அவள் இறந்துவிட்டாள், இவருக்கு அது ஞாபகம் நிற்பதில்லை, மகள் கேரொல் இவரைப் பக்கத்திலேயே ஒரு முதியோர் விடுதியில் விட்டிருக்கிறாள் என்று சொன்னாள். கேரொல் வந்து ஆயிரம் மன்னிப்புக் கேட்டு அழைத்துக்கொண்டு போனாள். சாவியை மட்டும் அவர் தரவில்லை. நாங்கள் பூட்டை மாற்றியிருந்ததால் அது எதையும் திறக்காது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். இதற்கிடையில் வீட்டைப் புதுசாக்குகிற பைத்தியம் சேவியரைப் பிடித்திருந்தது. பழைய செங்கல் ரான்ச் வீடுகளை எப்படி மாற்றுவது என்று யூட்யூபில் நாள் முழுக்கப் பார்ப்பார். முதலில் ஜன்னலோரம் அடர்ந்து கிடந்த புதர்களை வெட்டினோம். அந்த வாரம் வால்டர் வந்து நடைபாதையிலேயே சற்று நின்றுவிட்டு, அப்புறம்தான் வாசலுக்கு வந்தார். அடுத்து, வாசல் தாழ்வாரத்தில் கொடி வேலைப்பாட்டுடன் இருந்த இரும்புக் கம்பங்களை எடுத்துவிட்டு மரத்தூண் வைத்தோம். "ஆஸ்பத்திரி வராண்டா மாரி கீது அது, எடுத்துத் தூர போடு" என்பது சேவியரின் அபிப்பிராயம். வால்டர் அந்தத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவுக்குக் கறுப்பு அடித்தபோது இன்னும் அதிக நேரம் நின்றார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அவர் கை செங்கல் சுவரைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும், தட்டும், முகம் தெளியும். எனக்கும் அப்போதுதான் மூச்சு வரும். மிச்சம் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

அந்தச் சுவருக்கும் நாள் குறித்தாயிற்று. கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, இப்போது எல்லோரும் செங்கலுக்கு லைம்வாஷ் அடிக்கிறார்கள், வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், செங்கல் மூச்சுவிடவும் முடியும் என்றெல்லாம் விளக்கினார். என்ன பொருள் என்று விசாரித்தால், சுண்ணாம்பு! சேவியருக்கு நம்பவே முடியவில்லை. "அடப்பாவி, நம்ம வூட்ல பானைல ஊற வச்சி, நீலம் போட்டு, கிறிஸ்மஸுக்கு அடிப்பமே, அதானா இது? இதுக்கா இந்த பில்டப்பு?" என்று தமிழில் சொல்லிச் சிரிக்க, கான்ட்ராக்டர் நாங்கள் மகிழ்ச்சியில் சிரிக்கிறோம் என்று தானும் சிரித்தார். நான் மட்டும் இப்போது வேண்டாம் என்றேன். மழை விடட்டும், குளிர் போகட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் கேரொலே கேட்டாள். அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "நீங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து சீக்கிரம் அடித்துவிடுங்கள். வீடு அடையாளம் தெரியாவிட்டால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். வழியில் பெரிய சாலையைக் கடக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பெற்ற அப்பன் வண்டியில் அடிபட்டுச் சாகக்கூடாது என்றுதானே சொல்கிறாள். ஆனாலும் "அப்புறம் அவர் எங்கே போவார்?" என்று கேட்டேன். அவள் விடுதியின் பெயரைச் சொல்லி, அதற்குப் போகும் வழியையும் சொன்னாள். நான் கேட்டது அது இல்லை என்று எப்படிச் சொல்வது? தேங்க்யூ என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "அவர் பொண்ணே சொல்லிட்டா, இன்னும் உனக்கு இன்னாம்மே பேஜாரு?" என்றார் சேவியர். நான் சுவரைத் தொடக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். தேடி வருகிறவருக்கு ஒரு அடையாளமாவது இருக்க வேண்டாமா என்று கத்தினேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஸ்டெல்லா, நீ யாரப் பத்திப் பேசற? வால்டரப் பத்தியா, அருளப் பத்தியா?" என்றார். இவ்வளவு காலம் அம்மாவிடம் அண்ணன் வர மாட்டான், வர மாட்டான் என்று பாடிக்கொண்டிருந்தவள் நான். ஊருக்குத்தான்டி உபதேசம், உனக்கில்லடி பெண்ணே என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கான்ட்ராக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கத்துக்கு மாறாக வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு மேரி அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஸ்டெல்லா, இங்க பாரு, உங்கம்மா பண்ண வேலைய" என்று போனைத் திருப்பினாள். முதலில் எனக்கு எந்த வீடு என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வழவழவென்று ஈரச் சிமெண்ட் பூசின சுவர். ஒரு ஆள் ட்யூப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சுவரின் நடுவில் எங்கள் வாசல், வாசலில் நாற்காலி போட்டு என் அம்மா. ஏறி இறங்குகிற அந்தச் செங்கல் வரிசை ஒன்றுகூட இல்லை. அருள் வைத்த ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் அலறிவிட்டேன். "இன்னாம்மா பண்ணிட்ட? யாரக் கேட்டுப் பூசின? அண்ணன் எப்டிம்மா கண்டுபுடிப்பான்?"

மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் அடிக்கிற ஆள் திரும்பிப் பார்த்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் போனபோது அழவில்லை, அப்பா போனபோதுகூட இப்படி அழவில்லை. ஏங்கி ஏங்கி, மூக்கு ஒழுக, சேவியர் ஓடிவந்து தோளைப் பிடிக்கிற அளவுக்கு அழுதேன். அம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், நீதானேடி பூசு பூசு என்று உயிரை வாங்கினாய் என்று.

"அழுவாதடி" என்றாள். "மய பேஞ்சி அந்தப் பக்கம் ஒரு முழம் செவுரு சரிஞ்சிடுச்சி. வூடே இல்லன்னா அவன் எங்க வருவான், சொல்லு? அதான் மய வுட்டதும் பூசச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, சேலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள், என் முகத்தையே துடைப்பது போல. "அவனுக்கு வூடு தெரியாட்டி இன்னா இப்போ? எனக்கு அவனத் தெரியும்ல? அதான் வாசல்லயே குந்திகினு கீறேன். தாண்டிப் போனா நான் கூப்பிட மாட்டனா?"

அவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று நினைத்துத்தான் அப்படி அலறினேன். அவள் விடவே இல்லை. செங்கல்லிடம் கொடுத்து வைத்திருந்த வேலையைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் சேவியரிடம் கான்ட்ராக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வீடு வெள்ளையாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெண்மணி கன்னத்தில் கை வைத்து வியந்தாள். படம் அனுப்பினோம். "இப்பதான்டி வூடு மாரி கீது" என்று சித்தி திருப்தியாகச் சொன்னாள். இங்கே யாரும் வீட்டின் முன்பக்கம் உட்காருவதில்லை. எல்லோரும் பின்புறத் தோட்டத்தில்தான் நாற்காலி போடுகிறார்கள். நான் இரண்டு நாற்காலியைத் தூக்கி வந்து முன்வாசலில் போட்டேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே உட்கார்ந்துகொள்வேன். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஹாய் சொல்லிவிட்டு, யாருக்காவது காத்திருக்கிறாயா, வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாயா என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். இல்லை, சும்மாதான் என்பேன். சும்மா உட்காருவது என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை.

ஒருநாள் வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில் வால்டர் வந்தார். கையில் சாவி. ஒவ்வொரு வீடாக நின்று பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டையும் பார்த்தார். நன்றாக, நின்று பார்த்தார். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். அம்மா அத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்தது இதுதான், என் கண் முன்னால் நடந்தது. காலில் செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடினேன். "வால்டர்!"

திரும்பினார். என்னைத் தெரியவில்லை. "என் வீட்டைத் தேடுகிறேன்" என்றார். "செங்கல் வீடு." குரலில் குழந்தைப் பிள்ளையின் பயம் இருந்தது. "வாருங்கள், உட்கார்ந்து தேடலாம்" என்றேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேரொலுக்குப் போன் பண்ணினேன். அவள் வருகிறவரை இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு யாரிடமும் சொல்லாததை, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். "என் அண்ணனுக்காக."

"அவனுக்கு வழி தெரியுமா?"

"தெரியாது. எனக்கு அவனைத் தெரியும்."

வால்டர் தலையாட்டினார். எங்கே போனான், எப்போது வருவான் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவின் அந்தக் கோடியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், இந்தக் கோடியை நான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணூரில் அந்நேரம் விடிந்திருக்கும், அம்மா கதவைத் திறந்து நாற்காலியை வாசலில் போட்டிருப்பாள். நான் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.